எர்த் எங்க தம்பி?

மார்கழியில் கோத்தகிரிப் பக்கம் ராத்திரி வண்டி ஓட்டுவது என்றால் பாதி கண்ணால், பாதி ஞாபகத்தால் ஓட்டுவதுதான். மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துவிடும். ஹெட்லைட்டை டிம் பண்ணிக்கொண்டு, ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, இந்த வளைவு தாண்டினால் டீக்கடை, அப்புறம் சின்னப் பாலம் என்று மனக்கணக்கிலேயே போக வேண்டும். அப்படி ஒரு ராத்திரி, படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்காக ஒரு ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு கட்டபெட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் என்னுடைய பழைய பொலிரோ பிக்அப். தொட்டியில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், சீரியல் செட் மூட்டை, மேலே தார்ப்பாய். பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லரில் 15 கேவிஏ ஜெனரேட்டர்.

ஓர் இறக்கத்தில் பஸ் ஒன்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு நேரக்கணக்கு இருக்கிறது, நமக்கு ஒரு டன் பாரம் இருக்கிறது. பிரேக்கில் காலை வைத்தபடியே ஓரமாக ஒதுங்கி இடது இண்டிகேட்டரைப் போட்டேன். மலையில் இதற்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை: எதிரே ஒன்றும் வரவில்லை, நீ போய்க்கோ. வலது போட்டால், வராதே. பஸ் நகரவில்லை. ஹாரன் மட்டும் அடித்தது. அடுத்த அகலமான இடத்திலும் அதே கதை. மூன்றாவது இடத்தில் பொறுமை இழந்து டிரைவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஏப்பா, வழியும் விடறே, வலது சிக்னலும் போடறே. என்னதான் சொல்ல வர்றே?”

“லெஃப்ட்தாங்க போட்டேன்.”

“இறங்கி வந்து பாரு.”

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். ட்ரெய்லரின் இடது பக்கம் மஞ்சள் விளக்கு அழகாக மின்னிக்கொண்டிருந்தது. வலது பக்கம் சும்மா இருந்தது. அவர் என்னைப் பொய்யன் மாதிரி பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்திருப்பேன். கண்டக்டர் விசில் அடிக்க, பஸ் போய்விட்டது.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பது புரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அந்த ட்ரெய்லருக்கு வயரிங் செய்தது நானேதான். பழைய ஜெனரேட்டரைக் கோயம்புத்தூரில் வாங்கியபோது பின்னால் ஒரு விளக்கும் கிடையாது, இரண்டு சிவப்பு ஸ்டிக்கர்தான். கீழே சமவெளியில் அப்படியே எத்தனையோ ஓடுகின்றன. கலவை மெஷினை இழுத்துப் போகும் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த ஸ்டிக்கர்கூட இருக்காது. ஆனால் ஜெனரேட்டரின் பெட்டி என் பிக்அப்பின் பின் விளக்குகளை முழுசாக மறைத்துவிடுகிறது. மிஸ்ட்டில் பின்னால் வருகிறவனுக்கு முன்னால் நான் என்று ஒருவன் இருப்பதே தெரியாது. சரி, விளக்கு போட்டே ஆக வேண்டும். இருபது வருஷமாகப் பந்தலுக்கு லைட் கட்டுகிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

முதலில் போனில் இரண்டு மூன்று வீடியோ பார்த்தேன். எல்லாம் அமெரிக்காக்காரர்கள். அவர்களுடைய சின்ன ட்ரெய்லருக்கு நாலே ஒயர்: வெள்ளை எர்த் (விளக்குக்குள் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி), பழுப்பு பார்க்கிங், மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக் எங்கே என்று தேடினால், அங்கே பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு, ஒரே ஒயர். நம் வண்டிகளில் பிரேக் சிவப்பு தனி, இண்டிகேட்டர் மஞ்சள் தனி. ஆகவே அந்த வீடியோக்களை அப்படியே பின்பற்றினால் இங்கே ஒன்றும் சரியாக வராது. நமக்குப் பொருந்துவது ஏழு பின் சாக்கெட். 12 வோல்ட் வண்டிக்கான அந்த உருண்டை சாக்கெட்டுக்கு ஐஎஸ்ஓ 1724 என்று ஓர் உலகக் கணக்கு இருக்கிறது. 1 இடது இண்டிகேட்டர் மஞ்சள், 2 பின்பக்க ஃபாக் லைட் நீலம், 3 எர்த் வெள்ளை, 4 வலது இண்டிகேட்டர் பச்சை, 5 வலது பார்க்கிங் பழுப்பு, 6 பிரேக் சிவப்பு, 7 இடது பார்க்கிங் கறுப்பு.

இந்த நிறங்களில் நம்மூர்க்காரனுக்கு இரண்டு பொறி இருக்கிறது. வீட்டு வயரிங்கில் பச்சைதான் எர்த். இங்கே பச்சை வலது இண்டிகேட்டர். வண்டி வயரிங்கில் கறுப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாடியில் முறுக்குவோம். இங்கே கறுப்பைப் பாடியில் முறுக்கினால் பார்க்கிங் போட்ட நொடி ப்யூஸ் போய்விடும். எனக்குப் போனது, இரண்டு தடவை. அப்புறம் இன்னொன்று: சாக்கெட்டை முன்னாலிருந்து பார்க்கிற வரிசையும், பின்னால் ஒயர் முடுக்குகிற பக்கத்திலிருந்து பார்க்கிற வரிசையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறி இருக்கும். பிளாஸ்டிக்கிலேயே குட்டியாக நம்பர் அச்சடித்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படிப்பதுதான் நல்லது.

கடைசியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, எர்த்தை மட்டும் அலட்சியமாக விட்டேன். விளக்குகளின் எர்த்தை ட்ரெய்லர் சட்டத்தில் ஒரு ஸ்குரூ போட்டு முடுக்கினேன். மூன்றாம் நம்பர் வெள்ளை ஒயரை எதிலும் கொடுக்காமல் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். என் கணக்கு இதுதான்: வண்டி இரும்பு, ட்ரெய்லர் இரும்பு, நடுவில் கொக்கியும் அதில் மாட்டும் பின்னும் இரும்பு. இரும்போடு இரும்பு ஒரு டன் இழுவையில் தொட்டுக்கொண்டிருக்கும்போது எர்த்துக்கு எதற்குத் தனி ஒயர்?

மச்சானைப் பின்னால் நிறுத்திச் சோதித்தேன். “லெஃப்ட்?” “எரியுது மாமா.” “ரைட்?” “எரியுது.” “பிரேக்?” அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எரியுது, ஆனா டல்லு” என்றான். பகல் வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பண்டிகை முடிந்து நேராகப் பாயிடம் போனேன். பாய் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன். லாரிகளுக்கு டைனமோ இருந்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர். கடையில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மல்டிமீட்டர், பல்பில் இரண்டு ஒயர் கட்டிய ஒரு டெஸ்ட் லாம்ப், கரி படிந்த ஒரு பற்றவைப்புக் கோல். நான் பஸ்காரர் கதையைச் சொல்லி முடிக்கும்வரை டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்தீங்களா, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பாத்தீங்களா?”

“ஒண்ணொண்ணாத்தான் பாய்.”

“இப்ப எல்லாத்தையும் போடுங்க. பார்க்கிங் போட்டு, நாலு இண்டிகேட்டரும் போட்டு, பிரேக்கை மிதிங்க.”

மிதித்தேன். கடைப் பையனை உட்கார வைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். வண்டியின் இண்டிகேட்டர் எரிகிற ஒவ்வொரு தடவையும் ட்ரெய்லர் மொத்தமாக இருட்டாகியது. அது அணையும்போது ட்ரெய்லரில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து நோயாளி மாதிரி மங்கலாக எரிந்தன. வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் ஏதோ சண்டை மாதிரி இருந்தது.

“எர்த் எங்க தம்பி?”

கொக்கியைக் காட்டினேன். பாய் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. பின்னை உருவி என் கையில் கொடுத்தார். முழுக்க கிரீஸ். அதற்கு அடியில் பெயிண்ட். அதற்கும் அடியில் துரு. “இதுல கரண்ட் வருமா? வரும்போது வரும். பள்ளத்துல ஏறி இறங்கினா போயிடும்.”

எர்த்தே இல்லையென்றால் மச்சான் சோதித்தபோது எப்படி எரிந்தது என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கக் கோத்தகிரி வழி ஒன்று, குன்னூர் வழி ஒன்று. மழையில் மண் சரிந்து கோத்தகிரி வழி அடைத்தால் நம் வண்டியெல்லாம் குன்னூர் வழியாகச் சுற்றி இறங்கும். கரண்டும் அப்படித்தான், இறங்கியாக வேண்டும். இடது இண்டிகேட்டரை மட்டும் போடும்போது, பல்புக்குள் போன கரண்டுக்கு எர்த் கிடைக்கவில்லை. ட்ரெய்லரில் எல்லா பல்பின் எர்த்தும் ஒன்றாகத்தானே முடிச்சுப் போட்டிருக்கிறது? ஆகவே பக்கத்தில் சும்மா இருக்கும் வலது பல்புக்குள்ளும் பிரேக் பல்புக்குள்ளும் தலைகீழாகப் புகுந்து, அவற்றின் ஒயரைப் பிடித்து முன்னால் வந்து, பிக்அப்பின் அணைந்திருக்கும் பல்புகள் வழியாக பாடியில் இறங்கிவிடுகிறது. குளிர்ந்த பல்பின் இழை கரண்டைப் பெரிதாகத் தடுக்காது. சூடாகி எரியும்போதுதான் தடை ஏறும். அதனால் இடது விளக்கு கிட்டத்தட்ட முழு வெளிச்சத்தில் எரிகிறது. வழி விட்டுக்கொடுத்த மற்ற பல்புகளில் பொட்டு வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. தனியாகச் சோதித்தால் எல்லாம் பாஸ்.

இப்போது அந்த ராத்திரியை எடுத்துக்கொள்வோம். பார்க்கிங் போட்டிருக்கிறேன். கால் பிரேக்கில். இடது இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிகிறது. அது எரிகிற நொடியில் பார்க்கிங் ஒயர், பிரேக் ஒயர், இடது ஒயர் மூன்றிலும் 12 வோல்ட் நிற்கிறது. இறங்குவதற்கு மிச்சம் இருப்பது ஒரே ஒயர்: வலது இண்டிகேட்டர். மூன்று பக்கத்து கரண்டும் அந்த ஒரு பல்புக்குள் விழுந்து ஓடுகிறது. வலது பல்பு பளிச்சென்று எரிகிறது, இடது மங்கிவிடுகிறது. முன்னால் நான் ‘போய்க்கோ’ என்றேன்; ட்ரெய்லர் ‘வராதே’ என்றது. நான் இறங்கிப் பார்க்கப் போனபோது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன் அல்லவா, அதோடு கோளாறும் இறங்கிப் போய்விட்டது.

நாலு இண்டிகேட்டரையும் பிரேக்கையும் பார்க்கிங்கையும் சேர்த்துப் போட்டால் சும்மா இருக்கும் ஒயரே கிடையாது. ஒதுங்க ஓர் இடமும் இல்லாமல் எல்லாம் அணையும். அதனால்தான் பாய் முதலில் அதைச் செய்தார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ட்ரெய்லர் சட்டத்திலும் வைத்து, பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னார். பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் 6-க்கும் 7-க்கும் நடுவில் நின்றது. எரிய வேண்டிய வோல்ட்டில் பாதிக்கு மேல் சட்டத்தில் தேங்கிக்கிடக்கிறது.

எனக்கு வெட்கமாகப் போனது வேறு காரணத்துக்கு. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் எர்த்தைப் பார் என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! பாய் அதையும் குத்திக்காட்டவில்லை. “போற வழிக்கு அஞ்சு ஒயர் இழுத்தீங்க. வர்ற வழிக்கு ஒண்ணுகூட இழுக்கல” என்று மட்டும் சொன்னார்.

பிறகு மொத்தத்தையும் பிரித்தோம். ஒயரை வெட்டாமலே கடித்துப் பிடிக்கும் அந்த நீலக் கிளிப்புகளை வைத்துத்தான் நான் பின் விளக்குகளிலிருந்து இணைப்பு எடுத்திருந்தேன். போட்டு எட்டு மாதம்தான். திறந்து பார்த்தால் செம்பில் பச்சை பூத்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு ஜூன், ஜூலை மட்டும் கணக்கில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வெளுத்து வாங்குகிறது. அதற்கு அப்புறம் பனி. களிம்பு ஏறாமல் என்ன செய்யும்? பாய் அத்தனை கிளிப்பையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக லக் போட்டு இறுக்கி, மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் மாட்டினார். எங்கேயும் வெறும் டேப் கிடையாது. “டேப்பு தண்ணியத் தடுக்காது, உள்ள வந்த தண்ணிய வெளிய விடாது” என்பது அவர் கருத்து. ஈயம் வைக்க வேண்டாமா என்றேன். ஆடுகிற இடத்தில் ஈயம் வைத்தால் அது முடிகிற விளிம்பில் ஒயர் ஒடியும் என்றார்.

அடுத்தது ரிலே, அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். நான் பிக்அப்பின் விளக்கு ஒயரிலிருந்தே ட்ரெய்லருக்கும் கரண்டை உறிஞ்சியிருந்தேன். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பிளாஷர், வண்டியின் சொந்த பல்புகளுக்கு அளந்து வைத்தது. மேலே இன்னொரு 21 வாட் ஏற்றினால் சூடாகும். வண்டியில் ஒரு பல்பு ஃப்யூஸ் போனால் படபடவென்று வேகமாக அடித்துக் காட்டும் பிளாஷரும், ட்ரெய்லர் பல்பின் கணக்கையும் சேர்த்துக்கொண்டு எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஆகவே இடது, வலது, பிரேக், பார்க்கிங் என்று நாலு ரிலே. வண்டியின் ஒயர் ரிலேயில் 86 என்று நம்பர் போட்ட முனைக்குப் போகிறது, 85 எர்த். இதற்கு ஆகும் கரண்ட் ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 30-க்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ப்யூஸ் வழியாக நேராகத் தனி ஒயர், 87-லிருந்து ட்ரெய்லருக்கு. பிக்அப்பின் விளக்கு ஸ்விட்ச் இனி சைகை மட்டும் காட்டும், பாரம் தூக்காது. இன்னொரு லாபம்: ட்ரெய்லரில் எங்காவது ஷார்ட் ஆனாலும் அந்த ப்யூஸோடு முடிந்துவிடும், பிக்அப்பின் பின் விளக்கு சாகாது.

ஒயர் தடிமன் விஷயத்தில் நான் கொஞ்சம் வாதாடினேன். கணக்குப் போட்டுக் காட்டியதும் அடங்கிவிட்டேன். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு சுமார் 0.018 ஓம். பேட்டரியிலிருந்து ட்ரெய்லர் வால் வரை எனக்கு 9 மீட்டர், அதாவது 0.16 ஓம். பிரேக் பல்பு இரண்டும் 42 வாட், மூன்றரை ஆம்பியர். போகிற வழியில் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் தொலைகிறது, பரவாயில்லை. ஆனால் எர்த் ஒயரில் எல்லோரும் சேர்ந்து திரும்புகிறார்கள். பிரேக் 42, இண்டிகேட்டர் 42, பார்க்கிங் 10, ஆக 94 வாட், கிட்டத்தட்ட 8 ஆம்பியர். அதே மெல்லிய ஒயரில் 1.3 வோல்ட் போய்விடும். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே பல்பின் வெளிச்சம் முப்பது சதவீதம் போல விழுந்துவிடும். நான் வாங்கி வைத்திருந்த கேபிளில் ஏழு ஒயரும் ஒரே தடிமன். எர்த்துக்கு மட்டும் 2.5 இருக்கிற கேபிளாகத் தேடி வாங்கினோம்.

தேடி அலையும் சலிப்பில் நான் ஒரு குறுக்கு வழி சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் நம்பர் நீலம் சும்மாதானே இருக்கிறது, அதையும் எர்த்தோடு சேர்த்து முறுக்கிவிட்டால்? பாய் ஒத்துக்கொள்ளவில்லை. “நாளைக்கு இந்த ட்ரெய்லரை வேற வண்டி இழுக்கும். அவன் வண்டியில ரெண்டாம் நம்பர்ல கரண்ட் இருந்தா?” யாரென்றே தெரியாத ஒருவனுடைய ப்யூஸுக்காக அவர் அன்றைக்குக் கவலைப்பட்டார்.

ட்ரெய்லர் பக்கம் விளக்குகளின் எர்த் எதுவும் இப்போது சட்டத்தை நம்பி இல்லை. எல்லாம் ஒரு பெட்டிக்கு வந்து, அங்கிருந்து வெள்ளை ஒயரில் முன்னால் வருகிறது. பிக்அப் பக்கம் சேஸிஸில் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து, போல்ட் போட்டு முடுக்கி, அப்புறம் மேலே கிரீஸ். முதலில் கிரீஸ் அல்ல. நம்பர் பிளேட்டுக்கு ஒரு சின்ன விளக்கும் பார்க்கிங் ஒயரிலேயே எடுத்துக்கொண்டோம். ட்ரெய்லருக்கென்று தனிப் பதிவு எண் இருக்கிறது, அதையும் நாலு பேர் படிக்க வேண்டாமா?

கேபிள் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியும் ட்ரெய்லரும் நேராக நிற்கும்போது அளந்தால் முதல் கொண்டை ஊசியிலேயே பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ட்ரெய்லர் மடங்கி நிற்கும்போது வெளிப்பக்கமாக அளக்க வேண்டும். அதற்காகத் தாராளமாக விட்டால் நேர் ரோட்டில் தரையில் இழுபட்டுத் தேயும். சுருள் கேபிள் கிடைத்தால் விவகாரமே இல்லை. எனக்குக் கிடைக்கவில்லை, டியூப் ரப்பரில் ஒரு கண்ணி போட்டுத் தூக்கிக் கட்டியிருக்கிறேன். சாக்கெட்டின் மூடி கீழ்ப்பார்வையாக இருக்க வேண்டும், உள்ளே கொஞ்சம் வேஸ்லின். ஷெட்டில் எலி இருந்தால் கேபிளைச் சுருட்டித் தொங்கவிட வேண்டும். இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள்.

வேலை நடந்த மதியம் பாய் மலை ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓட ஆரம்பித்து, 1908-இல் ஊட்டியைத் தொட்ட ரயில். பல் சக்கரம் பிடித்து ஏறும் இடத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். குன்னூர் வரை என்ஜின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். ஆகவே என்ஜின் டிரைவருக்கு முன்னால் பாதையே தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு கொடி காட்டிச் சொல்லிக்கொண்டே போவார். “அவங்க ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆளையே நிறுத்தியிருக்காங்க. நீங்க ஒரு ஒயர் இழுக்க யோசிக்கிறீங்க” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. என் ட்ரெய்லருக்குத் தனி பிரேக்கும் கிடையாது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும், அதுவும் இரண்டாவதுக்கு மேல் போகாமல். கொக்கியோடு ஒரு சங்கிலியும் இப்போது போடுகிறேன். கொக்கியின் பின் ஒடிந்தால் ட்ரெய்லர் தனியாகப் பள்ளத்தில் இறங்கிவிடக் கூடாது.

சாயங்காலம் நாலு இண்டிகேட்டரும் பிரேக்கும் பார்க்கிங்கும் சேர்த்துப் போட்டுப் பார்த்தோம். மீட்டர் அரை வோல்ட் காட்டியது. பாய் கூலியாகக் கேட்டது, ரிலேக்கு நான் கொடுத்த விலையைவிடக் குறைவு.

வண்டி ஓட்டுகிறவனால் தன்னுடைய பின் விளக்கைப் பார்க்க முடியாது என்பதுதான் இதில் பெரிய தொல்லை. மச்சான் இருக்கும்போது அவனைப் பின்னால் நிறுத்துகிறேன். தனியாகப் போகும்போது தேயிலை ஃபேக்டரியின் வெள்ளைச் சுவர் ஓரம் ரிவர்ஸ் எடுத்து, சுவரில் விழும் நிறத்தைக் கண்ணாடியில் பார்க்கிறேன். தை மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காகத் திரும்பவும் அதே இறக்கத்தில் போனேன். அன்றைக்குச் சுவர் தேவைப்படவில்லை. மேகம் அவ்வளவு அடர்த்தி. பிரேக்கில் கால் வைத்ததும் இரண்டு கண்ணாடியிலும் பின்னால் எல்லாம் சிவந்தது. பின்னால் ஏதோ ஒரு வண்டி வெளிச்சம் நெருங்கியது. ஓரம் கட்டி இடது இண்டிகேட்டரைப் போட்டேன். இடது பக்கக் கண்ணாடியில் மட்டும் அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் வந்து வந்து போயிற்று. வலது கண்ணாடியை ஒரு லாரி கடந்து போனது, ஹாரன் அடிக்காமல்.